எட்டுப் பேர், ஏழு போன், ஒரு கமரா: நக்கிள்ஸ் மலைப் பயணப் படங்களைச் சேர்த்தெடுத்தல் – நிகழ்வு ஆய்வு

மலைக்குப் போய் வந்த ஒரு குழுவிடம் ஆறு மாதம் கழித்துப் படங்களைக் கேட்டுப் பாருங்கள். "குறூப்புல கிடக்கு" என்பார்கள். அந்த வாட்ஸ்அப் குறூப்பில் கிடப்பது தேய்ந்த பிரதி. எடுத்த நேரமும் இடமும் அதில் பதிவாகியிருக்காது; பெரிதாக்கினால் முகம் தெரியாது. மூலப் படத்தைப் போனில் இடம் போதாமல் எப்போதோ அழித்திருப்பார்கள். இந்த இழப்பு எந்தெந்தக் கட்டத்தில் நடக்கிறது, எந்த ஒழுங்கில் வேலை செய்தால் தவிர்க்கலாம் என்பதே இங்கே ஆராயப்படுகிறது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: படங்களைச் சேர்ப்பது ஒரு வேலை, பகிர்வது இன்னொரு வேலை. முதலாவது முடியும் முன்பே இரண்டாவதைத் தொடங்குவதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

இங்கே வரும் குழு தனியொரு குழு அல்ல. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் குழுக்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே குழுவின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறோம். எண்ணிக்கைகள் கணக்கைக் காட்டுவதற்காகத் தரப்பட்டவை.

நிகழ்வு

எட்டுப் பேர், ஆகஸ்ட் மாதம், மூன்று இரவு. செங்கலடியில் திரும்பி மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, 18 வளைவு ஏறி ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து லூல்வத்தை, கோர்பட்ஸ் கெப் கணவாய் வழியாக மீமுரே கிராமம். அதன் பிறகு வழிகாட்டியுடன் காட்டுக்குள் நடை. நக்கிள்ஸ் தொடர் கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்திருக்கிறது. அதன் உயர்ந்த சிகரம் கொம்பனியா, 1,906 மீற்றர். 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் சேர்ந்தது. ஆகவே வனத் திணைக்கள அனுமதி இல்லாமல் உள்ளே தங்க முடியாது. அந்த அனுமதிச் சீட்டை மடித்துத் தொலைக்க முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்தத் திகதியில், எந்த வாயிலால் போனீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி பிறகு கிடைக்காது.

கையில் ஏழு போன், ஒரு மிரர்லெஸ் கமரா. மொத்தச் சுமை: போன் படம் 1,900, ஒன்று சராசரி 4 எம்பி என்றால் 7.6 ஜிபி. கமரா படம் 450, ஒன்று 10 எம்பி வீதம் 4.5 ஜிபி. வீடியோ 60 நிமிடம், நிமிடத்துக்கு 130 எம்பி வீதம் 7.8 ஜிபி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 ஜிபி. கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜிபிதான், அதிலும் மின்னஞ்சலுக்குப் பங்கு உண்டு. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால் 20 ஜிபிக்கு ஒன்பது மணித்தியாலம் போகும். வீட்டுக்கு வந்த அன்றிரவே எல்லாவற்றையும் டிரைவில் போடுகிறேன் என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்.

திரும்பி மூன்றாம் நாள் ஒருவர் குறூப் தொடங்கினார். "மச்சான், உன்ட போன்ல இருக்கிற நீர்வீழ்ச்சிப் படத்த அனுப்பன்" என்று ஒவ்வொருவரும் கேட்கக் கேட்க, இரண்டு கிழமைக்குள் 600 படம் அதில் விழுந்தது. அதற்குள் மூன்று பேர் தங்கள் போனில் மூலத்தை அழித்துவிட்டார்கள். ஒரு போன் ஏற்கெனவே ஆற்றில் விழுந்து போயிருந்தது. கமராப் படங்கள் யாருடைய படத்தோடும் வரிசையில் பொருந்தவில்லை. ஐபோன் படங்கள் லப்டொப்பில் திறக்கவில்லை. நீளமான வீடியோ ஒன்றை பென் டிரைவ் ஏற்க மறுத்தது.

காட்டுக்குள் தொலைந்தவை

ஆற்றில் விழுந்த போனைக் காய வைத்தும் அது எழும்பவில்லை. பலர் எதிர்பார்ப்பது போல உள்ளே இருக்கும் நினைவகத்தை மட்டும் கழற்றிப் படத்தை எடுக்க முடியாது. இன்றைய போன்களில் உள் நினைவகம் மறையாக்கம் செய்யப்பட்டு, அதே மின்சுற்றுப் பலகையிலுள்ள சிப்போடு பிணைந்திருக்கும். பலகை செத்தால் படமும் போகும். கமராவின் மெமரி கார்ட் அப்படியல்ல. கமரா நனைந்து செத்தாலும் கார்ட்டைக் கழற்றித் துடைத்துக் காயவைத்தால் பெரும்பாலும் படம் பிழைக்கும்.

இதற்கு ஒரே மருந்து, ஒவ்வொரு இரவும் அன்றைய படங்களில் நல்ல பத்துப் பதினைந்தை இன்னொருவரின் போனுக்கு அனுப்பி வைப்பது. அன்ட்ரொயிட் போன்களுக்கு இடையே குயிக் ஷெயார், ஐபோன்களுக்கு இடையே எயார்டிராப். இரண்டும் புளூடூத், வைஃபை மூலம் நேராகப் பேசிக்கொள்வதால் சிக்னல் தேவையில்லை. ஐபோனிலிருந்து அன்ட்ரொயிட்டுக்கு என்றால் லோக்கல்சென்ட் என்ற இலவச செயலியை வீட்டிலேயே இரண்டிலும் போட்டுக்கொண்டு போங்கள். ஒருவர் ஹொட்ஸ்பொட் திறந்தால் போதும். கூடாரத்துக்குள் பத்து நிமிட வேலை.

மின்கலத்திலும் ஒரு தப்புக் கணக்கு வழக்கமாக வரும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை இரண்டு தடவை நிரப்பும் என்று நினைப்பார்கள். பவர் பேங்கில் உள்ளது 37 வாட் மணி. மாற்றும்போது போவது போக ஏறத்தாழ 31 கையில் வரும். போனுக்கு வேண்டியது 19. ஆகவே ஒன்றரைத் தடவைதான். கோர்பட்ஸ் கெப்பைத் தாண்டினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். போன் கோபுரத்தைத் தேடித் தேடியே மின்கலத்தைத் தின்னும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும், படத்தில் இடம் பதிவாகும். முதல் தடவை இடம் பிடிக்க மட்டும் கூடுதல் நேரம் எடுக்கும்.

மூன்றாவது, ஈரம். ஏசி போட்ட வானிலிருந்து மகியங்கனை வெக்கையில் இறங்கியதும் கமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். பையைத் திறக்காமல் 15–20 நிமிடம் விடுங்கள். உள்கண்ணாடியில் படிந்ததைத் துணியால் துடைக்க முடியாது. வீட்டுக்கு வந்த பிறகும் ஈரம் விடாது. எங்கள் கடற்கரைக் காற்றில் நனைந்த பையோடு கமராவை அலுமாரியில் வைத்தால் சில மாதங்களில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத பெட்டியே அதற்கு இடம்.

வாட்ஸ்அப் என்ன செய்தது

சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்குகிறது. 2023இல் வந்த எச்டி தெரிவில் படம் பெரிதாகப் போகும். ஆனால் இரண்டிலும் படத்துக்குள் எழுதப்பட்ட எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். பெற்றவரின் போனில் கோப்பின் பெயரில் இருப்பது வாட்ஸ்அப்பில் போய் வந்த திகதி. மீமுரேயில் 9ஆம் திகதி எடுத்த படம், 20ஆம் திகதி அனுப்பியதால் 20ஆம் திகதிப் படமாகிவிடுகிறது. 600 படமும் இப்படிக் குழம்பிய பிறகு எது முதல் நாள், எது இரண்டாம் நாள் என்று ஞாபகத்தில் வைத்துத்தான் அடுக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் எட்டு ஞாபகம்.

வாட்ஸ்அப்பைத் தவிர வேறு வழி இல்லையென்றால் படமாக அனுப்பாமல் டொக்கியூமன்ட்டாக அனுப்புங்கள். கோப்பு 2 ஜிபி வரை அப்படியே போகும், நேரமும் இடமும் உள்ளேயே இருக்கும்.

இந்தக் குழு வாட்ஸ்அப்பை நம்பிக் கையைக் கட்டிக்கொண்டிராமல் அழித்தவர்களின் போனைத் திரும்பத் திறந்து பார்த்தது. கலரியின் குப்பைக்கூடையில் அழித்த படம் கிட்டத்தட்ட ஒரு மாதம் கிடக்கும். இருவரின் படம் முழுவதுமாக அதிலிருந்து வந்தது. மூன்றாமவர் குப்பைக்கூடையையும் காலி செய்திருந்தார். அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியது குறூப்பில் உள்ள பிரதி மட்டுமே. கமராவின் மெமரி கார்ட்டில் இப்படி நடந்திருந்தால் இன்னொரு வாய்ப்பு இருந்திருக்கும்: கார்ட்டில் புதிதாக ஒன்றும் எடுக்காமல் உடனே கழற்றி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடினால் மேலெழுதப்படாத படங்கள் திரும்ப வரும்.

நேரம்: இந்த வேலையின் முதுகெலும்பு

எட்டுக் கருவியின் படங்களையும் ஒரே வரிசையில் கோர்க்கக்கூடியது எடுத்த நேரம் ஒன்றே. அது பிழையானால் மற்ற எல்லாம் பிழையாகும். இந்த நிகழ்வில் இரண்டு பிழைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தன.

முதலாவது கமரா. கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் லீவில் கொண்டுவந்தது. கடிகாரம் கட்டார் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இலங்கை நேரத்துக்கு அது 2 மணி 30 நிமிடம் பின்னால். காலை 6.05க்கு எடுத்த விடியல் படம் 3.35 என்று பதிவாகி, எல்லோரும் உறங்கிக் கிடந்த நேரத்தில் போய் உட்கார்ந்தது. இதைக்கூட யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். நள்ளிரவு 12க்கும் 2.30க்கும் இடையில் எடுத்த நட்சத்திரப் படங்கள்தான் சிக்கல். அவை முந்தைய நாளின் திகதியில், முந்தைய முகாமின் படங்களோடு கலந்துவிட்டன.

இரண்டாவது வீடியோ. போன்கள் பொதுவாக வீடியோ கோப்பில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுகின்றன. அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டும் மென்பொருளும் உண்டு, மாற்றாததும் உண்டு. மாற்றாததில் வீடியோ முழுவதும் 5 மணி 30 நிமிடம் பின்தங்கித் தெரியும். கமராக்கள் பல அதே இடத்தில் உள்ளூர் நேரத்தை எழுதிவிடும். ஆகவே போன் வீடியோவையும் கமரா வீடியோவையும் ஒரே திருத்தத்தால் தள்ளக்கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு வீடியோவை எடுத்து, உங்களுக்கு உறுதியாக நேரம் தெரிந்த ஒரு சம்பவத்தோடு ஒப்பிட்ட பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

கமராவின் பிழையை அளக்கும் வழி எளிது, ஆனால் ஒரு நிபந்தனை: கமராக் கடிகாரத்தை இன்னும் யாரும் திருத்தியிருக்கக்கூடாது. வீட்டுக்கு வந்ததும் அதே கமராவால், விநாடி காட்டும் போன் கடிகாரத்தை ஒரு படம் எடுங்கள். படத்தில் தெரியும் நேரத்துக்கும் அந்தப் படத்துக்குள் பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே திருத்தம். ஆர்வக் கோளாறில் யாராவது முதலில் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டால் அந்த அளவு போய்விடும்; பிறகு போனும் கமராவும் ஒரே கணத்தில் பிடித்த ஒரு நிகழ்வைத் தேட வேண்டிவரும். எட்டுப் பேரும் பாறையிலிருந்து தண்ணீருக்குள் குதித்த கணம் போல ஒன்று அகப்பட்டால் ஓரிரு விநாடித் துல்லியத்தில் பொருத்தலாம்.

திருத்துவதற்கு உதவும் டிஜிகேம், எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கட்டளை எழுதப் பழக்கமில்லாதவருக்கு டிஜிகேம் நல்லது: கமராப் படங்களை மட்டும் தெரிவு செய்து, நேரத் திருத்தப் பகுதியில் 2 மணி 30 நிமிடம் கூட்டச் சொன்னால் 450 படமும் ஒரே தடவையில் மாறும். திருத்தம் பிரதியில் நடக்க வேண்டும், மூலத்தில் அல்ல.

நேரம் சரியானதும் ஒரு உபரி லாபம். வழிகாட்டியோடு நடக்கும்போது ஒரே ஒரு போனில் ஓஸ்மான்ட் போன்ற செயலியால் நடைத்தடத்தைப் பதிந்திருந்தால், அந்தத் தடக் கோப்பையும் கமராப் படங்களையும் டிஜிகேம் நேரத்தை வைத்துப் பொருத்தி, ஜிபிஎஸ் இல்லாத கமராவின் படங்களுக்கும் இடத்தை எழுதிவிடும். தடக் கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம். நேர வலயத்தைக் கேட்கும் இடத்தில் 5.30 கூட்டிக் கொடுக்க மறந்தால் படம் வேறு மலையில் போய் நிற்கும். அடர்ந்த மரத்துக்குக் கீழே இடம் சில பத்து மீற்றர் அங்கிங்கே போவது இயல்பு.

சேர்த்த முறை

ஒரு ஞாயிறு, ஒரு வீடு, ஒரு லப்டொப். எல்லோரும் போனையும் வயரையும் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கு ஒரு கோப்புறை; போனின் கமராக் கோப்புறையில் பயண நாட்களுக்குரிய எல்லாவற்றையும், மங்கியதையும் சேர்த்து, வயரில் பிரதியெடுத்தார்கள். நல்லதை மட்டும் தருகிறேன் என்று யாரையும் போனிலேயே தெரிவு செய்ய விடக்கூடாது. அவருக்கு வேண்டாத படத்தின் பின்னணியில் இன்னொருவருக்கு வேண்டிய முகம் இருக்கும். ஒவ்வொரு கோப்புறையிலும் எத்தனை கோப்பு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வயர் இடையில் கழன்று பாதியில் நின்றதை இந்த எண்ணிக்கைதான் காட்டிக்கொடுக்கும்.

ஐபோன் 2017 முதல் படங்களை எச்ஈஐசி வடிவில் சேமிக்கிறது. பழைய விண்டோஸ் லப்டொப்பில் அது திறக்காததால் பழுதென்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அச்சுக்கும் பகிர்வுக்கும் வேண்டியதை மட்டும் ஜேபெக் ஆக மாற்றுங்கள். பென் டிரைவ் ஏற்காத வீடியோ 4 ஜிபிக்கு மேல் இருந்தது. ஃபாட்32 முறையில் போர்மட் செய்த டிரைவ் ஒரே கோப்பாக அவ்வளவு பெரிதை வாங்காது. உள்ளே ஒன்றும் இல்லாத டிரைவை எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

மூலக் கோப்புறையை இரண்டாவது டிஸ்க்கில் பிரதியெடுத்த பிறகுதான் நேரத் திருத்தம், பெயர் மாற்றம். கோப்பின் பெயர் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி, கடைசியில் எடுத்தவரின் முதலெழுத்து என்று அமைந்தால் எந்தக் கணினியிலும் வரிசை தானாக வரும்.

தெரிவு இரண்டு சுற்றில் முடிந்தது. முதல் சுற்றில் மங்கியது, ஒரே காட்சியின் மறுபதிப்பு கழிந்து ஏறத்தாழ 500 மிஞ்சியது; இரண்டாவதில் 120. அழகான மலைக்காட்சி எப்போதும் வென்றுவிடும். அப்படி விட்டால் ஆட்களே இல்லாத ஆல்பம் வரும். எட்டுப் பேரில் ஒவ்வொருவரும் குறைந்தது மூன்று படத்திலாவது இருக்க வேண்டும் என்று விதி வைத்தபோதுதான் கமரா வைத்திருந்தவர் ஒரு படத்தில்கூட இல்லை என்பது தெரிந்தது. மற்றவர்களின் கழித்த குவியலில் தேடி நான்கு எடுத்தார்கள். கழித்ததை அழிக்காமல் வைத்தது அங்கே உதவியது.

நினைவைப் பதிவு செய்தல்

எங்கள் பார்வையில் பெரும்பாலான குழுக்கள் தவறவிடுவது இதைத்தான், கொஞ்சம்கூடச் செலவில்லாததும் இதுதான். 120 படத்தையும் டிவியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, நடுவில் ஒரு போனில் குரல் பதிவை இயக்கி வைத்தார்கள். ஒவ்வொரு படம் மாறும்போதும் ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது. கேள்வி மூன்று போதும்: இது எங்கே, யார் யார், படத்துக்கு வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் கொட்டும். பிறகு ஒருவர் பதிவைக் கேட்டுக் குறிப்பு எழுதினார்.

"மீமுரே டிரிப், செம" என்ற குறிப்பு ஐந்து வருடத்தில் எதற்கும் உதவாது. இந்தக் குழுவின் 47ஆம் படத்துக்கு எழுதியது இது: "மூன்றாம் நாள், காலை 6.05. லக்கேகல மலையின் உச்சியை மேகம் மூடியிருக்கிறது. கல்லின் மேல் காய்வது முந்தின நாள் மழையில் நனைந்த சப்பாத்து. இடது சப்பாத்துக்குள் இருந்து இரண்டு அட்டை பிடுங்கினோம். பின்னால் தெரியும் புகை, வழிகாட்டி ஐயா தேத்தண்ணிக்கு மூட்டிய அடுப்பு." பெயர்கள் இடமிருந்து வலம், எடுத்தவர் பெயர் தனியாக.

இதை ஒரு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். தள்ளிப்போனால் ஆற்றைக் கடந்தது முதல் நாளா இரண்டாம் நாளா என்பதில் சண்டை தொடங்கும். குறிப்பை டிஜிகேம் மூலம் படத்துக்குள்ளேயே எழுதலாம், தமிழ் யூனிகோட் அதில் சரியாக நிற்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் போனால் அதுவும் கழன்றுவிடும் என்பதால், படமும் குறிப்பும் ஒரே பக்கத்தில் வரும் பிடிஎஃப் ஒன்றும் தயாரித்தார்கள். குரல் பதிவையும் படங்களோடு வைத்திருங்கள். குறிப்பில் வராத சிரிப்பு அதில் இருக்கிறது.

யாருக்கு எது

எட்டுப் பேருக்கும் முழுத் தொகுதி, டிஸ்க்கில். குடும்பத்தவருக்கும் நண்பர்களுக்கும் 40 படம், வாட்ஸ்அப்பில். இப்போது அதில் சுருங்கினாலும் கவலையில்லை. கூகுள் ஃபோட்டோஸில் பகிர்ந்த ஆல்பம் வைத்தால், இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கக்கூடிய தெரிவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஸ்டோரேஜ் சேவர் தரத்தில் ஏற்றியதை மூலம் என்று நினைத்துப் போனில் அழிக்கவும் வேண்டாம்.

பொதுவில் போடுவதற்கு முன் இரண்டு வடிகட்டல். ஒன்று ஆட்கள். நீர்வீழ்ச்சியில் குளிக்கும் படங்களில் பெண்கள் இருந்தால் அவரவரிடம் அந்தந்தப் படத்தைக் காட்டிக் கேட்க வேண்டும்; பயணத்துக்கு முன் பொதுவாகச் சொன்ன "ஓம்" இதற்குப் போதாது. கிராமத்துப் பிள்ளைகளின் முகத்துக்கும் இதே விதி. மற்றது உயிரினங்கள். நக்கிள்ஸில் மட்டுமே வாழும் இலைமூக்கு ஓணான், தும்பறைக் குட்டி ஓணான் போன்றவற்றைச் செல்லப்பிராணி வியாபாரத்துக்காகக் கடத்துகிறார்கள். 2019இல் இவ்விரண்டும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. இப்படியான படங்களில் இடப் பதிவை நீக்குங்கள். அதைவிடக் கவனம் வேண்டியது எழுதும் குறிப்பு. ஃபேஸ்புக் இடத் தரவைக் கழற்றினாலும், "இரண்டாவது ஓடையைத் தாண்டி வலப்பக்கம்" என்று நீங்களே எழுதினால் யாருக்கும் ஜிபிஎஸ் தேவையில்லை.

ஸ்டூடியோவில்

40 படம் அச்சுக்குப் போனது. போன் படம் 4:3, அச்சுத் தாள் 4×6 அங்குலம். நிரப்பி அடித்தால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். மலை உச்சியோ சப்பாத்தோ போகும். வெட்டுவதை ஸ்டூடியோவிடம் விடாமல் நீங்களே வெட்டிக் கொடுங்கள். 8×12க்கு 300 புள்ளி அடர்த்தியில் 2400×3600 பிக்சல் வேண்டும். குறூப்பில் இருந்து எடுத்த 1600 பிக்சல் படம் அதில் கரைந்து தெரியும். தானியங்கி நிறத் திருத்தத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மூடுபனிப் படத்தை அது மங்கல் என்று எடுத்துக்கொண்டு கறுப்பை ஏற்றி, பனியையே துடைத்துவிடும்.

குறிப்பு அச்சிடுவதில்தான் வழக்கமாக இழுபறி. ஸ்டூடியோக்கள் பலவற்றில் ஆல்பம் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தயாராகிறது. யூனிகோடில் தட்டியதை அப்படியே ஒட்டினால் கட்டமாக வரும், எழுத்துரு மாற்றியில் போட்டுக் கொடுக்க வேண்டும். யூனிகோட் எழுத்துருவிலேயே செய்தாலும் பழைய ஃபோட்டோஷொப்பில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். "கொ", "தே", "நை" மூன்றும் வரும் ஒரு வரியை முதலில் அடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

பிரதிகள்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கடைசியானது இங்கே வெறும் சம்பிரதாயமல்ல. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் 26 கடற்கோளும் கண்ட கரை இது. குடும்ப ஆல்பத்தில் ஒரு தாள்கூட மிஞ்சாத வீடுகள் இருக்கின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டில் வைத்த இரண்டு பிரதி, வெள்ளத்துக்கு ஒரு பிரதிதான். கண்டியிலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் ஒரு டிஸ்க் போகட்டும். பென் டிரைவையும் எஸ்எஸ்டியையும் மின் தொடர்பில்லாமல் வருடக்கணக்கில் போட்டு வைத்தால் தரவு தேயலாம் என்பதால், நீண்ட காலத்துக்கு சாதாரண ஹார்ட் டிஸ்க் நல்லது. மலிவு விலையில் வாங்கிய பெரிய கொள்ளளவு மெமரி கார்ட்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதி வாசித்துச் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள். 256 ஜிபி என்று அச்சிட்ட போலிக் கார்ட்டுகள் சந்தையில் உண்டு, உண்மைக் கொள்ளளவு தாண்டியதும் படம் எடுப்பது போலவே காட்டி ஒன்றையும் சேமிக்காது.

வருடத்துக்கு ஒரு தடவை டிஸ்க்கை இணைத்து, ஒவ்வொருவர் கோப்புறையிலும் பத்துப் படம், ஒரு வீடியோவைத் திறந்து பார்த்து, கோப்பு எண்ணிக்கையை முதல் ஞாயிறு எழுதிய தாளோடு ஒப்பிட வேண்டும். எண் குறைந்தாலோ ஒரு கோப்பு திறக்க மறுத்தாலோ, அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், மற்றப் பிரதியிலிருந்து புதிய டிஸ்க்குக்கு முழுவதையும் மாற்றிவிடுங்கள்.